நெல்சன் எழுதிய ராஜினாமா

"கர்த்தர் கூப்புடறாரு, ரூத். இனிமே இந்த வேலைல என்னால இருக்க முடியாது."

எர்ணாவூர் வீட்டில் நெல்சன் தன் ராஜினாமாக் கடிதத்தை உறைக்குள் வைத்தான். அவன் மனைவி ரூத் அவனுடைய காக்கிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"நாலு வருசமா பாக்கற வேலை. திடீர்னு வுட்டா ஜனங்க இன்னா பேசுவாங்கோ?"

"பேசிட்டுப் போட்டும். எனக்குச் சோறு எறங்கல."

"ஜெபம் பண்ணியா?"

"ஒரு வாரமா அதத்தான் பண்ணிக்கினு கீறேன். பதில் வந்துடுச்சி."

ரூத் சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டு அழுத்தித் தேய்த்தாள்.

அரை மணி நேரத்தில் கடிதம் செல்வநாதன் கைக்குப் போயிற்று. அவர் அதை இரண்டு முறை படித்தார்.

"இன்னா பாஸ்டர் இது? ஊழியத்த வுட்டுட்டு மறுபடியும் மணலி கம்பெனிக்கா? ஞாயித்துக்கெழம பிரசங்கம் யாரு பண்றது?"

சபைச் செயலாளரான அவர் கோபத்தில் கடிதத்தை மேசைமேல் வீசினார்.

"பிரசங்கம் பண்ண நீங்க கீறீங்கோ அண்ணே. டேங்குல ஆளு எறங்கறதுக்கு முன்னால, உள்ள விஷவாயு கீதான்னு மீட்டர் வச்சிப் பாக்கத்தான் அங்க ஆளு இல்ல. ஊழியத்துக்கு வர்றேன்னு நான் வுட்டுட்டு வந்த வேலை அது."

"அதுக்கு?"

"போன வாரம் ரெண்டு பேரு பாக்காமயே எறங்கிட்டாங்கோ. அவங்கள அடக்கம் பண்ணி ஜெபிச்சது நான்தானே அண்ணே?"