வாசலில் நிற்பவள்

இந்தத் தையற்கூடத்தில் கதை சொல்பவள் நடுவில் எதையும் சேர்க்கலாம். பல வாய் மாறி வந்த முடிவை மட்டும் தொடக்கூடாது. இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை; எல்லோரும் அறிவார்கள். இன்று முறை இளையவளுக்கு. புகுந்த வீட்டில் அடிபட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்திருக்கும் அவளை மாலையில் அங்கேயே திரும்பக் கொண்டுபோய் விடுவதென்று, கூடத்தை நடத்தும் அவள் அண்ணி தீர்மானித்திருக்கிறாள். கதையிலும் ஒரு பெண் துரத்தப்பட்டு, பிறந்த வீட்டு வாசலில் மழையில் நிற்கிறாள். "மழைன்னா சும்மா மழையா? நம்ம கூரை ஒழுகுமே, அந்த மாதிரி," என்கிறாள் இளையவள். பொத்தான் தைப்பவள் சிரிக்கிறாள்: "அதையும் கதையில ஏத்திட்டியாடி!" அண்ணி சிரிக்கவில்லை. அவள் கால் மிதியை அழுத்துகிறது, விடுகிறது, மறுபடி அழுத்துகிறது. ஊசி ஒரே இடத்தில் குத்திக் குத்தி, வெள்ளைத் துணியில் நூல் சிக்காகத் திரள்கிறது. இயந்திரம் அதிர அதிர, கத்தரிக்கோலின் விளிம்பில் ஜன்னல் வெளிச்சம் நடுங்குகிறது. எல்லோருக்கும் தெரிந்த முடிவுப்படி, இனிக் கதவு திறக்காது, அந்தப் பெண் வாசலிலேயே கல்லாகிவிடுவாள். 'உம்' கொட்டும் குரல்கள் அதற்காகவே தாழ்கின்றன. "சீக்கிரம் முடி, கிளம்பணும்," என்கிறாள் அண்ணி. இளையவள் கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்துவிட்டு அவளை நேராகப் பார்க்கிறாள். "அவ கல்லாகல, அண்ணி. கதவை ஒரே தள்ளா தள்ளிட்டு உள்ள போயிட்டா. இன்னும் அங்கதான் இருக்கா."