பத்தொன்பது வளைவுகள்

“அப்போ அந்தப் படிக்கட்டு வீட்டையே முடிச்சுடலாமா?” என்று மூன்றாவது சீட்டிலிருந்து கணவன் கேட்டபோது, அவள் ஏழாவது வளைவில் பஸ்ஸைப் பாதி திருப்பியிருந்தாள்.

வளைவு முடிந்த பிறகுதான் பதில் சொன்னாள். மொத்தம் எத்தனை படி என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

நூற்றுப் பத்து.

இந்த மலை நகரத்தில் வாடகை படிக்கணக்கில்தான். சாலையை ஒட்டிய வீட்டுக்கு வாய் கூசாமல் கேட்கிறார்கள். படி ஏற ஏற வாடகை இறங்குகிறது. நூற்றுப் பத்தாவது படியில் அது சரிபாதி.

கணவன் தையல்காரன். மிஷினை எங்கே போட்டாலும் பிழைத்துக்கொள்வான். வெளிச்சம் இருந்தால் போதும். அந்த வீட்டில் மூன்று ஜன்னல். மிஷினை அத்தனை படி யார் தூக்குவது என்று கேட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் உன்னையே தூக்கிக்கொண்டு மலையேறுவேன் என்று சொன்னவன் நான் என்றான். சொன்னதோடு சரி என்றாள் அவள். பின் சீட்டில் மகள்கள் இருவரும் சிரித்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. பள்ளி பஸ்ஸில் அவர்கள் நான்கு பேரையும் ஹாரன் அண்ணனையும் தவிர வேறு யாரும் இல்லை.

ஹாரன் அண்ணன் இருபத்திரண்டு வருஷம் இந்த பஸ்ஸை ஓட்டியவர். எதிரே ஈ காக்கை இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடிப்பார் என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர். அவர் இடத்துக்குத்தான் இப்போது ஆள் எடுக்கிறார்கள். ஓட்டச் சொல்லிப் பார்த்து அவர் கையெழுத்துப் போட்டால் சரி என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

அந்தக் கையெழுத்து விழுந்தால் வேலை. வேலை கிடைத்தால் ஊழியர் பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு பெண்களுக்கும் பள்ளி. பிறகு அந்தப் படிக்கட்டு வீடு.

விழாவிட்டால் திரும்பவும் கீழே சமவெளிக்குத்தான். சம்பளத்தில் பாதியை விழுங்குகிற ஒற்றை அறை. பெரியவள் பள்ளிக்குப் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம்.

அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஒன்பது வருஷம் நகரத்து நெரிசலில் பஸ் ஓட்டியவள். மலை மட்டும்தான் புதிது. அதுவும் முதல் மூன்று வளைவு வரைக்கும்தான் புதிதாக இருந்தது.

ஒன்றுதான் உறுத்தியது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்ததிலிருந்து ஹாரன் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

பரீட்சை வைக்க வந்தவரே தூங்கிவிட்டால் மார்க் யார் போடுவது?

ஒன்பதாவது வளைவு வருவதற்குள், மூடிய கண்ணோடு, செகண்ட் கியருக்கு வரச் சொன்னார். பன்னிரண்டாவதில் இடது பின்சக்கரம் தாரை விட்டு மண்ணில் ஒரு சாண் இறங்கி ஏறியதைச் சொன்னார். ஓட்டிய அவளுக்கே அது தெரியவில்லை.

மாமா தூங்கிக்கிட்டே டெஸ்ட் வைக்கிறாரு என்று சின்னவள் அக்காவின் காதில் சொன்ன ரகசியம் பஸ் முழுக்கக் கேட்டது.

“எஞ்சின் பேசுறப்போ கண்ணுக்கு என்ன வேலை பாப்பா” என்றார் அவர், சிரிப்போடு.

மனசுக்குள் அவருக்கு ஒரு கும்பிடு போட்டாள். இப்படிப்பட்ட ஆளிடம் வாங்குகிற கையெழுத்துக்குத் தனி மரியாதை உண்டு.

பத்தொன்பதாவது வளைவைப் புடவை மடிக்கிற மாதிரி மடித்து ஏறினாள். பள்ளி வாசல் வந்தது. வண்டியைத் திருப்பி, இறக்கத்தைப் பார்க்க நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். ஏறி வந்த சாலை கீழே துண்டு துண்டாகத் தெரிந்தது. நடுவில் மூடுபனி.

பின்னால் கணவன் வீட்டுக்காரருக்கே போன் போட்டுவிட்டான். நாளைக்குக் காலையில் முன்பணத்தோடு வருகிறோம், வேறு யாருக்கும் வீட்டைக் காட்ட வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். பத்து வருஷமாக இந்த ஊரிலேயே இருப்பவன் மாதிரி இருந்தது குரல்.

ஹாரன் அண்ணன் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த படிவத்தை எடுத்து மடியில் விரித்தார். தலைகீழாக விரித்திருந்தார். அவள் அதைத் திருப்பி வைத்தாள்.

பேனா மூடியைக் கழற்றியபோதுதான் கண்ணைத் திறந்தார். அவள் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி எதையோ பார்த்தார்.

“கையெழுத்துப் போடற இடத்துல விரல வெச்சுக் காட்டும்மா.”

வைத்தாள். பேனா முனை அவள் நகத்தில் இடித்து நின்றது.

அவராகவே சொன்னார், பின்னால் கேட்காத குரலில். கோடை லீவில் பார்வை மங்க ஆரம்பித்ததாம். பள்ளி திறந்த அன்றே சாவியைக் கொடுத்துவிட்டாராம். அதற்குப் பிறகு ஒரு பிள்ளையைக்கூட ஏற்றிக்கொண்டு ஓட்டவில்லை. ஆபீஸில் மூட்டுவலி என்று சொல்லி வைத்திருக்கிறார். கண் என்று சொன்னால், நன்றாகத் தெரிந்த காலத்தில் ஓட்டிய இருபத்திரண்டு வருஷத்தையும் சேர்த்து சந்தேகப்படுவார்கள்.

இது உன்னோடு இருக்கட்டும் என்றார்.

பின்னால் பெண்கள் எந்த ஜன்னல் யாருக்கு என்று சண்டை போட ஆரம்பித்திருந்தார்கள். கணவன், தையல் மிஷின் போக மீதிதான் உங்களுக்கு என்று பஞ்சாயத்துப் பண்ணிக்கொண்டிருந்தான்.

பேனா இன்னும் எழுத ஆரம்பிக்கவில்லை. ஹாரன் அண்ணனின் இன்னொரு கை தானாக நீண்டு ஸ்டியரிங்கைத் தொட்டது. தொட்ட இடத்தில் அப்படியே இருந்தது.

“இறங்குறப்போ நான் ஓட்டட்டுமா தங்கச்சி? பத்தொன்பதும் எனக்கு மனப்பாடம். நீ பக்கத்துலயே உக்காந்துக்க. கடைசியா, ஒரே ஒரு தடவை.”