பக்கத்து வீட்டுச் சண்டை

"நேத்து நான்தான் உக்காந்தேன். இன்னிக்கு உங்க முறை!"

"எனக்கு ஆபீஸ் இருக்கு. நீ உக்காரு!"

"எனக்கு மட்டும் ஆபீஸ் இல்லையா?"

பக்கத்து வீட்டு டெய்லருக்குப் பொறுக்கவில்லை. தினமும் இதே ரகளை. விறுவிறுவென்று அவர்கள் வீட்டுக்குள்ளே போனார்.

"பச்சைக் குழந்தைய மடியில வச்சிக்கிட்டு என்னப்பா சண்டை? வாய மூடுங்க ரெண்டு பேரும்!"

மூடினார்கள். அடுத்த நொடியே குழந்தை வீலென்று அலறியது.

கணவன் தலையைச் சொறிந்தான். "இப்பதாண்ணே கண்ணசந்தா. இவ ஆஸ்பத்திரியில, செயற்கைக் கருப்பையில வளர்ந்தவ. தினம் யாராவது பக்கத்துல உக்காந்து பேசணும்னு டாக்டர் சொன்னாரு. யார் உக்கார்றதுன்னு அங்கயே நின்னு சண்டை போட்டோம். பத்து மாசமும் அவ கேட்டது அது ஒண்ணுதான். தாலாட்டெல்லாம் பாடிப் பாத்தாச்சு, பயந்துக்கறா."

மனைவி குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடி கனிவாகக் கேட்டாள்:

"ஏங்க, எந்த இடத்துல விட்டோம்?"