ஒரே ஒரு படம்

"ஒரே ஒரு படம் போதும் ஒபெங். சாவு போஸ்டருக்கு வேணும்" என்று கெஞ்சினேன். கானாவில் எங்கள் குமாசி நகரத்தின் பாதிச் சுவர்களில் சிரிக்கும் செத்தவர்கள் எல்லாம் என் கைவண்ணம்தான்.

என் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்த மெக்கானிக் ஒபெங் தலையில் அடித்துக்கொண்டான். "வைரஸை விட்டு ஃபைல் எல்லாத்தையும் பூட்டிட்டு, தெறக்கப் பணம் கேக்குறானுங்க. கண்ட பென் டிரைவையும் சொருகுனீங்களாண்ணே?"

"துக்க வீட்டுக்காரங்க குடுத்ததுப்பா. அவங்களைப் போய் சந்தேகப்படுறதா?"

"முன்னாடியே தெரிஞ்சிருக்குமே! மெஷின் இழுத்து இழுத்து ஓடும், ஃபேன் கத்தும், ஃபைல் பேருக்குப் பின்னால கண்ட எழுத்தெல்லாம் ஒட்டிக்கும்."

"என் பொண்டாட்டி செர்வா பார்த்தா. 'படத்துப் பேரெல்லாம் தானா மாறுது, உடனே அணைங்க'ன்னு சொன்னா. மேதாவி நான், 'நீ போய் சந்தையில விக்க கென்கே மாவு கிண்டு'ன்னு விரட்டிட்டேன்."

ஒபெங் சிரித்தான். "அண்ணிக்கு இருக்கிற மூளை உங்களுக்கு இல்ல. நாளைக்கே இங்க அனுப்புங்க, வேலை போட்டுத் தரேன்."

நானும் சிரிக்கத்தான் பார்த்தேன். வாய் கோணிக்கொண்டது.

"காலையில சந்தையில சுருண்டு விழுந்தவ எந்திரிக்கவே இல்லப்பா. நான் கேக்குறது அவ படத்தைத்தான்."