நாலாவது ஓட்டை

ஜூன் 8, சனிக்கிழமை, காலை ஆறு நாற்பது. அண்ணனும் தம்பியும் நடத்திவந்த பட்டறையில், ஒரு பழைய காருக்குப் புதிதாகச் செய்த பெட்ரோல் டேங்க் பொருத்தியாகிவிட்டது. அதில் ஒரு ஓட்டை குறைவாக இருந்தது.

அது அண்ணனுக்குத் தெரியும். அவர் மனைவிக்கும் தெரியும். முந்தின நாள் டேங்க்குக்குள் காற்றடித்துக் கசிவு பார்த்தபோது, வெல்டிங் போட்ட விளிம்புகளில் சோப்புத் தண்ணீர் தடவியது அவள்தான். திறப்புகளை அடைக்க மூன்று ரப்பர் அடைப்பான்களே போதுமாக இருந்தன. சுவரில் தம்பி சாக்பீஸால் வரைந்த படத்தில் நான்கு வட்டங்கள். நிரப்ப, எடுக்க, அளவு காட்டும் மிதவைக்கு, மூச்சுக்கு.

"என்னங்க, நாலாவது எங்க?" என்று அப்போதே கேட்டாள்.

"சோப்பைத் தடவு."

மூன்று மாதமாக வீட்டில் பேச்சு இந்த அளவில்தான் இருந்தது. வாடிக்கையாளர் ஒருவர் எதிரில் அண்ணன், "நீ என்ன பெரிய மெக்கானிக்கா? எடுபிடி" என்று தம்பியைச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் நடுவே அந்தச் சுவரும் சாக்பீஸும்தான். அண்ணி பலமுறை கேட்டுப் பார்த்தாள். "ரெண்டு பேர்ல ஒருத்தர் வாயைத் திறந்தா என்ன, முத்தா உதிர்ந்துடும்?"

யாரும் திறக்கவில்லை. தம்பி ஒன்பது மணி நேரப் பயணத் தொலைவில் வேறு வேலை தேடிக்கொண்டான். நான்கு வருடம் இருவரும் சேர்ந்து துருவைச் சுரண்டி நிமிர்த்திய அந்தப் பழைய காரில் இன்று கிளம்புகிறான். திரும்பி வருவதாக யாரிடமும் சொல்லவில்லை.

டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்தவன் வெளியே வர வெகுநேரம் ஆனது. வந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

"எல்லாம் சரியா இருக்கா தம்பி?" அண்ணி அவன் முகத்தையே பார்த்தாள்.

"சுத்தமான வேலை அண்ணி. அவர்கிட்ட சொல்லிடுங்க."

'அவர்' ஆறடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். பதிலுக்குச் சுவரில் எழுதினார்: 'வாய் வரைக்கும் நிரப்பு.'

தம்பி படித்தான். தயாராக இருந்த கேன்களைத் தூக்கி, கழுத்து நனையும் வரை பெட்ரோலை ஊற்றினான். மூடியை அண்ணன் தன் கையாலேயே இறுக்கினார். ஒரு சுற்று அதிகமாகவே இறுக்கினார்.

அண்ணி மூடியையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபம் வந்தால் கண்மண் தெரியாத மனிதர். அவர் கையால் செய்த டேங்க், தளும்பத் தளும்பப் பெட்ரோல்.

"ஒரு வாய் சாப்பிட்டுப் போயேன் தம்பி."

"வெயில் உச்சிக்கு ஏறறதுக்குள்ள பாதி தூரம் போயிடணும் அண்ணி."

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவன் சற்று நேரம் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். பின்னால் அண்ணன் நின்றிருந்தார். பிறகு கார் தெருமுனையில் திரும்பி மறைந்தது.

"என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? பெட்ரோலுங்க அது. உங்ககூடப் பிறந்தவன் உள்ள உக்காந்திருக்கான்."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் பத்து நிமிஷம்."

"எதுக்குப் பத்து நிமிஷம்?"

"மெயின் ரோட்டைத் தொடறதுக்குள்ள முடிஞ்சிடும்."

அவள் போனை எடுத்தாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நீ கூப்பிடாத."

கடிகார முள் நகர்ந்தது. எட்டு நிமிடம். பத்து. பன்னிரண்டு. அவர் உட்கார்ந்தார், எழுந்தார், வாசலுக்குப் போய்த் திரும்பினார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

பதினான்காவது நிமிடம் மேஜை மேல் இருந்த அவர் போன் அடித்தது. அதை எடுக்கப் பாய்ந்ததில் ஸ்பேனர் டப்பா கவிழ்ந்தது.

"அண்ணே." மூன்று மாதத்துக்குப் பிறகு அந்தச் சொல். "வண்டி நின்னுடுச்சு."

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒண்ணும் பயமில்ல. டேங்க் வாயைத் திற. புஸ்ஸுன்னு காத்து உள்ள போகும். உடனே கிளம்பிடும்."

போனில் ஏதோ லாரி கடந்து போகிற சத்தம் மட்டும் கேட்டது.

"மூச்சு ஓட்டையை நான்தான் போடலடா. காத்து போக வழியில்லேன்னா பெட்ரோல் வராது, வண்டி நிக்கும். அப்பவாவது நீ என்னைக் கூப்பிடுவேன்னு..." அவர் சுவரில் இருந்த நான்காவது வட்டத்தைப் பார்த்தார். "எடுபிடின்னு சொன்னது என் தப்புடா. நீ மெக்கானிக்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"ஓட்டை இல்லன்னு அடியில படுத்தப்பவே பாத்துட்டேன்ணே."