இரண்டு கிண்ணம் பால்

இளவரசி தம்பியின் காதைப் பிடித்துத் திருகினாள். அடுத்து, பக்கத்தில் நின்ற இன்னொரு தம்பியின் காதையும் திருகினாள். “வலிக்குதுக்கா!” என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அரண்மனை ஆயுத அறையிலிருந்த வெண்கலக் கண்ணாடி நூறு வருஷத்துக்கு ஒருமுறை திறக்கும். அதற்குப் பின்னால் இன்னொரு உலகம்; அங்கேயும் இதே அரண்மனை, இதே அக்கா, இதே தம்பி என்று கேள்விப்பட்டிருக்கிறாள். இன்று கூரைத் துளை வழியாக உச்சிவெயில் விழுந்ததும் அந்தத் தம்பி இந்தப் பக்கம் குதித்துவிட்டான். வெயில் விலகும்போது இருவரும் ஒரே பக்கம் இருந்தால் இருவருமே உயிரோடு இருக்க மாட்டார்கள்.

“உண்மையைச் சொல்லித் தொலைங்கடா! வந்தவன் யாரு?”

“அவன்தான்!” என்று ஒருவரையொருவர் கைகாட்டினார்கள்.

மரத்திலிருந்து விழுந்தது, நாய்க்குட்டிக்கு வைத்த பெயர், எல்லாம் கேட்டாயிற்று. இருவரும் பிசகாமல் ஒப்பித்தார்கள். மூன்று நாள் நஞ்சோடு போராடி இன்று காலைதான் எழுந்து நடமாடுகிறவள், ஆயுதப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். தாயில்லாத பிள்ளையைத் தூக்கி வளர்த்தவளுக்கே அவனை அடையாளம் தெரியவில்லை.

வெயில் கண்ணாடியின் விளிம்புக்கு வந்துவிட்டது. சட்டென்று அவளுக்கு ஒன்று தோன்றியது.

பட்டத்துக்கு உரிய தம்பியின் உயிருக்குக் குறிவைத்தவர்கள் அதிகம். எட்டு வருஷமாக அவள் ஒரு மடக்கு ருசி பார்த்துக் கொடுக்காமல் அவன் எதையும் வாயில் வைத்ததில்லை. மூன்று நாளுக்கு முன் அவளைச் சாய்த்ததும் அப்படி ருசி பார்த்த பால்தான். பதிலை எவனும் ஒப்பிக்கலாம், பழக்கத்தை ஒப்பிக்க முடியுமா?

இரண்டு கிண்ணம் பாலை வரவழைத்து வைத்தாள். “குடிங்கடா!”

ஒருவன் கிண்ணத்தைத் தொடவே இல்லை. பாலையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றான். மற்றவனோ, அவள் கை நீளும் முன்பே தன் பாலை மடமடவென்று குடித்துவிட்டு, அடுத்த கிண்ணத்துக்கும் பாய்ந்தான்.

“மாட்டினியா!” அவன் கழுத்தைப் பிடித்துக் கண்ணாடிக்குள் தள்ளினாள்.

“அக்கா! நீ அதைக் குடிக்கா...” என்று அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் வெயில் விலகி, கண்ணாடி வெறும் வெண்கலமாகிவிட்டது.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மிஞ்சிய கிண்ணத்தில் ஒரு மடக்குக் குடித்துவிட்டு நீட்டினாள். “இந்தாடா தங்கம், ருசி பார்த்தாச்சு. இப்போ குடி.”

அவன் கிண்ணத்தைத் தட்டிவிட்டான். அவளைக் கட்டிக்கொண்டு விசும்பினான்.

“வேண்டாம்... இப்படி ருசி பார்த்துத்தான் எங்க அக்கா செத்துப்போனா.”