மருதுவின் பச்சை அட்டை

மருது நாய்க்கு முதலில் துரோகம் செய்தது செம்பகம் பூனைதான். தெருப் பிராணிகளுக்கு அடையாள அட்டை போடும் இயந்திரத்தின் முன்னால் அதுதான் உட்கார்ந்திருந்தது. பதிலைத் தட்டினால் நிறத்தை இயந்திரமே போட்டுவிடும். கறி தின்றால் சிவப்பு, இலை தழை என்றால் பச்சை. கசாப்புக் கடை எலும்பு சிவப்பு அட்டைக்கு மட்டும்தான்.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க, அண்ணே?"

நேற்று அமாவாசை. மருது காவல் காக்கும் வீட்டில் கறி இல்லை. பொய் சொல்லிப் பழக்கமும் இல்லை.

"தயிர்சாதம்."

பச்சை அட்டை வந்து விழுந்தது.

"அடியே, என் பல்லைப் பாருடி!"

"பல்லை எழுத இதுல இடமில்லண்ணே. அடுத்த மாசம் திருத்தம் போடுவோம், வாங்க."

ஆடுகளோடு வரிசையில் நின்று மருது அகத்திக்கீரை வாங்கியது. "போகப் போகப் பழகிடும், மாமா" என்றது ஓர் ஆடு.

அடுத்த மாதமும் அதே கேள்விதான். முந்தின நாள் புரட்டாசிச் சனிக்கிழமை.

"புளியோதரை" என்று முனகியது மருது.

செம்பகம் மருதுவுக்குச் சேர வேண்டிய எலும்பைக் கடித்துக்கொண்டே அந்தப் பதிலைத் தட்டியது. அன்று துரத்த ஆரம்பித்த மருது இன்னும் துரத்துகிறது. எலும்பு இன்னும் வந்து சேரவில்லை.